ஒரு கதவில் இரண்டு பூட்டு

நம் கோயிலின் பழைய கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார் அக்காமார்களுக்கும், புதிய கமிட்டியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இன்று நவம்பர் 16. 1860-ல் இதே நாளில்தான் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலி வேலைக்கு வந்த நம் முன்னோர் உட்பட 342 பேரோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்களை நினைத்து ஒரு விளக்கு ஏற்றலாம் என்று காலையில் கோயிலுக்குப் போனேன். சன்னதி திறந்திருந்தது. மண்டபம் பூட்டியிருந்தது. கதவில் இரண்டு பூட்டு. பெரிய பித்தளைப் பூட்டு பழைய கமிட்டி போட்டது. அதற்குக் கீழே புதிதாக வளையம் அடித்துத் தொங்கவிட்ட எஃகுப் பூட்டு புதிய கமிட்டி போட்டது. ஒருவர் மட்டும் சாவியோடு வந்தால் கதவு திறக்காது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். பதினெட்டு மாதமாக நீங்கள் சேர்ந்து வரவில்லை.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

என்னை உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களில் பலருக்குக் கோயிலின் பின்கட்டில் சனிக்கிழமை தோறும் அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். அதற்கு முன்னால் டர்பன் தையல் ஃபேக்டரிகளில் 26 வருடம் மெஷினில் உட்கார்ந்தேன். அதில் 15 வருடம் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சங்கத்தின் பிரதிநிதியாக இருந்து, முதலாளிக்கு எதிர் நாற்காலியில் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கிறேன். வேலையை விட்ட பிறகு, பேத்தி யூனிவர்சிட்டியில் பொருளாதாரம் படித்தபோது அவளுடைய பாடப் புத்தகங்களை நானும் கூடவே படித்தேன். அதில் ஆட்டக் கோட்பாடு என்று ஒரு பகுதி. எதிரெதிராக இருக்கும் இரண்டு பேர், ‘நான் இதைச் செய்தால் அவன் என்ன செய்வான்’ என்று யோசித்து யோசித்து எடுக்கும் முடிவுகளைப் பற்றிய கணிதம் அது. மேஜையில் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அங்கே பெயரும் காரணமும் எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு கமிட்டியிலும் சேர்த்துத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வக்கீல்களுக்குத் தெரியாது. பதினெட்டு மாதமாக நீங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதெல்லாம் அவர்களுடைய கடிதங்கள் வழியாகத்தான் போயிருக்கிறது. இது நேராக உங்களிடம் வரட்டும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் என் மனதில் இருப்பதை மறைக்கவும் மாட்டேன். கணக்கு வழக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று புதிய கமிட்டி கேட்டது சரி. பூஜை முறைகளையும் தீமிதி விரதத்தையும் அவசரத்தில் சுருக்கக்கூடாது என்று பழைய கமிட்டி சொன்னதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் ஒரு மண்டபம் பூட்டிக் கிடக்கிறது, அதுதான் என் வேதனை.

முதலில் கோர்ட் விஷயம்.

ஜான் நாஷ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 22 வயதுகூட ஆகாத நிலையில் 1950-ல் பேரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேச்சு முறிந்தால் உன் கையில் என்ன மிஞ்சும், என் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் அவர் முதலில் கேட்கிறார். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒத்துப்போவதால் கூடுதலாக வருவதைப் பங்கிடு என்கிறார். ஒரு கணக்கு பார்ப்போம். பங்கிட 100 ராண்ட் இருக்கிறது. பேச்சு முறிந்தால் எனக்கு 20 கிடைக்கும், உங்களுக்கு 40 கிடைக்கும். மீதி 40 ராண்ட், நாம் ஒத்துப்போனால் மட்டுமே பிறக்கும் பணம். அதைப் பாதியாகப் பிரித்தால் எனக்கு 40, உங்களுக்கு 60. ஃபேக்டரியில் முதலாளிக்கு ஏன் எப்போதும் பெரிய பங்கு போனது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மெஷின் நின்றால் அவருக்கு வாடகை வரும். எங்களுக்கு வாடகை கொடுக்கிற நாள் வரும்.

சரி, நம் கோயிலில் பேச்சு முறிந்தால் மிஞ்சுவது என்ன? கோர்ட் தீர்ப்பு. அதைப் பற்றி நீங்கள் இரு தரப்பும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். பழைய கமிட்டியின் மூத்த அண்ணன், “வக்கீல் சொல்லிவிட்டார், பத்துக்கு ஏழு நம் பக்கம்” என்றார். புதிய கமிட்டித் தம்பியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், பத்துக்கு ஏழு. ஒரு வழக்கில் ஜெயிக்கிற வாய்ப்பு மொத்தம் பத்துதான். ஏழும் ஏழும் பதினான்கு. நீங்கள் சண்டை போடுவது இல்லாத அந்த நாலை நம்பித்தான்.

இதை ராண்டில் போட்டுப் பாருங்கள். வழக்கில் இருப்பதன் மதிப்பு பத்து லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தீர்ப்பு வரை போனால் ஆளுக்கு இரண்டு லட்சம் வக்கீல் செலவு. பத்துக்கு ஏழு என்று நம்புகிறவர் மனதில் ஏழு லட்சத்தில் இரண்டு லட்சம் போக ஐந்து லட்சம் நிற்கும். அடுத்தவர் மனதிலும் ஐந்து லட்சம். இரண்டையும் கூட்டினால் மொத்தச் சொத்தும் தீர்ந்துபோகிறது. சமாதானமாகப் போவதால் கிடைக்கக்கூடியது ஒன்றுமே இல்லை என்றுதான் இருவருக்கும் தோன்றும். அதே ஆட்கள் பத்துக்கு ஐந்து என்று நிதானமாக எடைபோட்டால்? ஆளுக்கு ஐந்து லட்சத்தில் இரண்டு போக மூன்று. கூட்டினால் ஆறு. மீதி நாலு லட்சம் மேஜையில் அப்படியே கிடக்கிறது. வக்கீலுக்குப் போகிற பணம் அது. உண்டியலில் பென்ஷன் பணத்திலிருந்து இருபது ராண்ட் போடுகிற ஆயாக்களின் பணம். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் கட்டியிருக்கலாம்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வக்கீலைப் பார்க்கும்போது, ‘நாம் எப்படி ஜெயிப்போம்’ என்று கேட்காதீர்கள். ‘எதிர்த்தரப்பு வக்கீலாக நீங்கள் இருந்தால் என்ன வாதம் வைப்பீர்கள்’ என்று கேளுங்கள். அரைமணி நேரம் அவர் அதைப் பேசட்டும். பத்துக்கு ஏழு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம்.

உங்களில் மூத்த வகுப்புக்காரர்களுக்கு உறையூர் முற்றுகையைப் பற்றிய பாட்டு நினைவிருக்கும். கோட்டைக்குள்ளே நெடுங்கிள்ளி, வெளியே நலங்கிள்ளி. இருவரும் சோழர். புலவர் போய், எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலையிலும் அவன் தலையிலும் ஆத்திப்பூதான் இருக்கிறது என்கிறார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இருவரும் ஜெயிப்பதோ இயற்கையில் இல்லை என்கிறார். வருடா வருடம் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் இப்போது அந்த வரியில் நின்று யோசிக்கிறேன். முற்றுகையில் இருவரும் ஜெயிக்க முடியாது என்பது உண்மை. கோட்டை ஒன்றுதான், அதை வெட்டிப் பிரிக்க முடியாது. பேச்சுவார்த்தையில் அப்படி இல்லை. அங்கே இருவர் கேட்பதும் ஒன்றே என்று யார் சொன்னது?

நீங்கள் இருவருமே ‘மண்டபம், மண்டபம்’ என்கிறீர்கள். ஆனால் உங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தால் வேறு பேச்சு வருகிறது. பழைய கமிட்டி அண்ணன் மண்டப வாடகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஆடி மாதத்து மாரியம்மன் கூழ் பூஜையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவருடைய பாட்டி கரும்புத் தோட்டத்துப் பாராக்ஸில் தகரக் கொட்டகையில் அந்தக் கூழை ஊற்றிய கதையைச் சொல்லும்போது கண் கலங்கினார். புதிய கமிட்டித் தங்கைக்கோ பயம் வேறு. பூஜையில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அவர்கள் ஒவ்வொருவராகக் கோயிலை விட்டுப் போகிறார்கள், மண்டபத்தில் வகுப்பு நடத்த வேண்டும், கணக்கை வருடா வருடம் ஆடிட் செய்து ஒட்ட வேண்டும் என்கிறாள். இது ஒரு பொருளுக்கு இரண்டு பேர் போட்டி போடுகிற கதையாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்டீவன் பிராம்ஸ், ஆலன் டெய்லர் என்று இரண்டு அறிஞர்கள் இதற்கு ஒரு வழி வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு 100 மதிப்பெண். எது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரவர் பிரித்து எழுத வேண்டும். பழைய கமிட்டி பூஜை திருவிழாவுக்கு 60, மண்டபத்துக்கு 25, கணக்குப் பொறுப்புக்கு 15 என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். புதிய கமிட்டி பூஜைக்கு 20, மண்டபத்துக்கு 40, கணக்குக்கு 40. எல்லாவற்றையும் பாதிப் பாதியாக வெட்டினால் ஆளுக்கு 50. அதை விட்டு, பூஜையைப் பழைய தரப்புக்கும், மண்டபத்தையும் கணக்கையும் புதிய தரப்புக்கும் கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 80. இருவருமே பாதியைவிட மேலே போய்விட்டீர்கள். 80 பெற்றவர் மண்டப நாள்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் இருவரும் 67, 68 பக்கம் வந்து நிற்பீர்கள். இந்த எண்கள் நான் போட்டவை. உங்கள் எண்களை நீங்கள்தான் எழுத வேண்டும், மனசாட்சியோடு எழுத வேண்டும்.

இப்போது பழைய கமிட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை. போன வருடம் நீங்கள் ஒரு சமாதானக் கடிதம் அனுப்பினீர்கள். புதிய கமிட்டிக்கு வண்டி நிறுத்துமிடத்தையும் செருப்பு வைக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தருவதாக அதில் இருந்தது. ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல்தானே’ என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஜெர்மனியில் மூன்று ஆய்வாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஒரு தொகையை ஒருவர் பிரித்துத் தருவார். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. வெறும் கணக்குப்படி ஒரு காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் வாங்குவதில்லை. பங்கு மிகவும் சிறிதாக இருந்தால் தங்களுக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று மறுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தும் இந்தக் குணம் பெரும்பாலும் மாறவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் எஃகுப் பூட்டு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

புதிய கமிட்டிக்கும் ஒன்று. மண்டபத்தில் இரண்டு பூட்டு விழுவதற்கு முந்தைய நவராத்திரியில், மூன்றாம் நாள் அங்கே உங்கள் நிகழ்ச்சி நடந்தபோது இருட்டாகிப் போனதே, நினைவிருக்கிறதா? லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பி வந்தபோது சன்னதியில் விளக்கு எரிந்தது, மண்டபத்தில் எரியவில்லை. பழைய கமிட்டி சுவிட்சை இறக்கிவிட்டது என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். மறுவாரம் சமையல்கட்டைப் பூட்டினீர்கள். அதற்குப் பதிலாக அவர்கள் தேர்க்கொட்டகையைப் பூட்டினார்கள். நான் அன்று அங்கே இருந்தேன். கரண்ட் வந்த வேகத்தில் மண்டபத்துச் சுவிட்ச் தானாக விழுந்திருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி அதை என் கண் முன்னால்தான் ஏற்றினார். இருவருக்கும் சொன்னேன், யாரும் நம்பவில்லை.

ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற பேராசிரியர் கம்ப்யூட்டர் நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு இரண்டு போட்டிகள் நடத்தினார். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் ஜெயித்தது அனடோல் ரப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் நல்லபடியாக நட, அப்புறம் எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய், அவ்வளவுதான் அதன் விதி. நல்ல விதிதான், ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு தடவை தவறாகப் புரிந்துகொண்டால் போதும், பதிலுக்குப் பதில் என்று இருவரும் முடிவில்லாமல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் இடையிடையே ஓர் அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் விடுகிறவர்தான் நீண்ட நாள் ஆட்டத்தில் நன்றாக இருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு சுவிட்ச் விழுந்ததில் தொடங்கியது நம்முடையது. அதிலிருந்து தேர் வெளியே வரவில்லை.

இனி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நான் வேலை செய்த ஃபேக்டரியில் சம்பளப் பேச்சு. கேன்டீனில் மேஜை மேல் ஏறி நின்று, முந்நூறு பெண்கள் முன்னால், “12 சதவிகிதத்துக்கு ஒரு சதம் குறைந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதே வாரம் முதலாளி மற்ற ஃபேக்டரிக்காரர்கள் கூட்டத்தில், “8-க்கு மேல் கொடுத்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்” என்று சொன்னாராம். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் இதைத்தான் விளக்குகிறார். பின்வாங்கும் பாலத்தை நீயே எரித்துவிட்டால் உன் பேச்சுக்கு வலு வரும், எதிராளிதான் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் எரித்துவிட்டால்? இரண்டாவது வாரமே 10-ல் முடியும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மேஜை மேல் சொன்னது என்னைக் கட்டிப்போட்டது. கூட்டத்தில் சொன்னது அவரைக் கட்டிப்போட்டது. ஐந்து வாரம் மெஷின் நின்றது.

இரண்டு சதவிகிதம் என்பது ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம். அதற்காக ஐந்து வாரச் சம்பளத்தை இழந்தோம். என் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா தாலிக்கொடியை அடகு வைத்தார். குளிர்கால ஆர்டர் வேறு ஃபேக்டரிக்குப் போய்விட்டது. கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? கணக்கெழுதும் பெரியவர் ஒருவர் வழி சொன்னார். சம்பளத்தில் 10, மருத்துவ நிதியில் 2. நான் வெளியே வந்து ‘12 வாங்கினோம்’ என்று சொல்ல முடிந்தது. முதலாளி ‘சம்பளத்தில் 12 கொடுக்கவில்லை’ என்று சொல்ல முடிந்தது. அந்த யோசனைக்கு ஒரு பைசா செலவில்லை. முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தாலிக்கொடி அடகுக்குப் போயிருக்காது. நீங்களும் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்ன வார்த்தைகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து தலை குனியாமல் வெளியே வர ஒரு வாசல் செய்வோம்.

அப்படி ஒரு வாசலை இந்த நாடே செய்து பார்த்தது. நம்மில் வயதானவர்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தோம்.

வெள்ளையர் ஆட்சியை முடித்து எல்லாருக்கும் ஓட்டுரிமை கொடுப்பது பற்றி அரசாங்கமும் மண்டேலாவின் கட்சியும் பேசிக்கொண்டிருந்த காலம். 1992 ஜூன் 17-ல் பொய்பட்டாங் என்ற கறுப்பர் குடியிருப்பில் படுகொலை நடந்தது. மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பேச்சுவார்த்தையை நிறுத்தியது. செப்டம்பர் 7-ல் பீஷோ என்ற ஊரில் ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. இனிமேல் உள்நாட்டுப் போர்தான் என்று நம் சாட்ஸ்வொர்த்தில் அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கினோம். ஆனால் அந்த மாதங்களிலும் இரண்டு பேர் பேசுவதை நிறுத்தவில்லை. ஒருவர் சிரில் ராமபோசா, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் பேரம் பேசிப் பழகியவர். மற்றவர் அரசாங்கத்தின் பக்கம் ரூல்ஃப் மேயர். பீஷோ நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 26-ல் மண்டேலாவும் அன்றைய ஜனாதிபதி டி கிளார்க்கும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். இரு தரப்பும் பள்ளத்தின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டன. பேச்சு முறிந்தால் மிஞ்சுவது என்ன என்று நாஷ் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அவர்களிடம் உண்மையான பதில் இருந்தது.

அதே வருடம் ஜோ ஸ்லோவோ ஒரு யோசனை எழுதினார். பெரும்பான்மை ஆட்சி வரட்டும், ஆனால் குறிப்பிட்ட சில வருடங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் பென்ஷனுக்கும் உத்தரவாதம் கொடுப்போம் என்றார். சொன்னவர் யார் என்று பாருங்கள். ஆயுதப் போராட்டத்தை நடத்திய தலைவர்களில் ஒருவர், கம்யூனிஸ்ட். அவருடைய மனைவி ரூத் ஃபர்ஸ்டை 1982-ல் மபூட்டோவில் பார்சல் குண்டு அனுப்பிக் கொன்றார்கள். அவர் ‘விட்டுக்கொடுப்போம்’ என்று சொன்னபோது அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது எளிதாக இல்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தக் கட்சி அதை எடுத்துக்கொண்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். நம் இரண்டு கமிட்டியிலும் இப்படி ஓர் ஆள் இருக்கிறார். அதிகம் கோபப்பட்டவர், அதிகம் இழந்தவர். யார் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வார்த்தையை அவர் சொல்லட்டும்.

1993 ஏப்ரல் 10-ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நெருப்பில்தான் தேர்தலுக்குத் தேதி வேண்டும் என்ற கோரிக்கை இறுகி, 1994 ஏப்ரல் 27 என்று முடிவானது. தேதி விழுந்த பிறகு எல்லாம் வேகமாக நகர்ந்தது. நம் நட்டால் மாகாணத்தில் அத்தனை உயிர்களைக் குடித்த சண்டையில் ஒரு தரப்பான இங்காதா கட்சி, கடைசி வரை தேர்தலில் நிற்கமாட்டேன் என்றது. ஏப்ரல் 19-ல் சம்மதித்தது. ஓட்டுச்சீட்டு எல்லாம் அச்சாகிவிட்டது. என்ன செய்தார்கள்? அந்தக் கட்சியின் பெயரையும் தலைவர் பூத்தெலேசியின் படத்தையும் ஸ்டிக்கரில் அடித்து, ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். வரிசையில் நின்று என் கையில் வாங்கிய சீட்டில் அந்த ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தது இன்னும் விரலில் இருக்கிறது. ‘நேரம் போய்விட்டது’ என்று கதவை மூடாமல், அடியில் ஒட்ட இடம் வைத்தார்கள். அதே 1994-ல்தான் நாஷுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஏரியல் ரூபின்ஸ்டைன் என்ற இஸ்ரேல் நாட்டவர் 1982-ல் காட்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறிப் பங்கு சொல்கிறார்கள், ஒவ்வொரு மறுப்புக்கும் பங்கிட வேண்டியது கொஞ்சம் சுருங்குகிறது. ஒருவர் பொறுமை மற்றவருக்குத் தெரிந்தால் அவர்கள் முதல் நாளே முடித்துக்கொள்வார்கள், காத்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு கரைகிறது, இருவருக்கும் சமப் பொறுமை என்றால், முதலில் கேட்டவருக்கு 100-ல் 53 பக்கம் வரும், மற்றவருக்கு 47. இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகத்தான் யார் முதலில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். காவடி எடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தைப்பூசம் இந்த ஊரில் உச்சிக் கோடையில் வருகிறது. செம்பில் பாலை நிரப்பிக்கொண்டு நீங்கள் தெருமுனையில் நின்று யார் முன்னால் நடப்பது என்று வாதாடினால், வெயில் யார் பக்கமும் பார்க்காது. பால் திரிந்துபோகும்.

தைப்பூசத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. நான் கேட்பது இதுதான்.

இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து எழுதி வழக்கை 30 நாள் ஒத்திவைக்க வேண்டும். 30 என்பது நான் இஷ்டத்துக்குச் சொன்னதல்ல. 1995-ன் தொழிலுறவுச் சட்டத்தில் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் சமரசத்துக்கு வைத்திருக்கும் கால அளவு அது, அப்புறம்தான் 48 மணி நேர நோட்டீஸ். அந்த 30 நாள் பல தடவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நாள்களில் இருவரும் 100 மதிப்பெண்களை எழுதி உறையில் போட்டுக் கொடுங்கள், ஒரே நேரத்தில் பிரிப்போம். யார் முதலில் பேசுவது என்பதற்கு அம்மன் முன்னால் பூப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி, வகுப்புப் பிள்ளைகளில் சின்னவளை எடுக்கச் சொல்வோம். நம் பாட்டன்மார் செய்த வழிதான்.

மண்டப வாடகைப் பணத்தில் மட்டும் எவ்வளவு பேசினாலும் இழுபறி இருக்கும். அதற்கு நடுவர் ஒருவர் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் கோடு போடுகிற நடுவர் வேண்டாம். நடுவில்தான் கோடு விழும் என்று தெரிந்தால் ஆளாளுக்கு எட்டாத எண்ணைக் கேட்பார்கள். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சம்பளத் தகராறில் 1974 முதல் வேறு முறை இருக்கிறது. இருவரும் கடைசி எண்ணை எழுதித் தர வேண்டும். நடுவர் இரண்டில் ஒன்றை அப்படியே எடுக்க வேண்டும், மாற்றக்கூடாது. அதிகம் கேட்டவர் தோற்பார். அந்தப் பயத்திலேயே இருவரும் நியாயத்தின் பக்கம் நகர்ந்து வருவார்கள். கோயிலுக்குச் சம்பந்தமில்லாத, இருவரும் மதிக்கிற ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்.

இதையெல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்து காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியும் இருக்கிறேன். இருவருமே “எனக்குச் சம்மதம்தான் அக்கா, ஆனால் அவர்கள் வரமாட்டார்கள்” என்றீர்கள். இருவருக்கும் சம்மதம் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ராபர்ட் ஆமன் என்ற அறிஞர் இதைத்தான் ஆராய்ந்தார். ஒரு செய்தி எல்லாருக்கும் தெரிந்திருப்பது வேறு, எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பது வேறு. இப்போது எழுதிவிட்டேன். மற்றவர் சம்மதம் சொன்னது உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இனிமேல் ‘அவர்கள் வரமாட்டார்கள்’ என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. அதையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். நாங்கள் 41 குடும்பங்கள் சேர்ந்து இந்த வருடக் காவடிப் பணத்தை உண்டியலிலும் போடாமல், எந்தக் கமிட்டியிடமும் கொடுக்காமல், தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம். இரு கமிட்டித் தலைவர்களின் கையெழுத்தும் ஒரே தாளில் வந்தால் அன்றே அது கோயிலுக்கு வரும். பொங்கலன்று மாலை வரை வராவிட்டால் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய்விடும். அதற்கான தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். நாங்கள் மனம் மாறினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. உங்களை மிரட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. உங்கள் இருவரையும் எங்களுக்கு வேண்டும், அதனால் எங்கள் பாலத்தை நாங்கள் எரித்திருக்கிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தமிழ் வகுப்பு அறையில் இருப்பேன். இப்போது அந்த வகுப்பு என் வீட்டு கராஜில்தான் நடக்கிறது, வழி உங்களுக்குத் தெரியும். தரப்புக்கு இரண்டு பேர் வந்தால் போதும், வக்கீல் வேண்டாம். பத்தரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதற்குள் முதல் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து கோயிலுக்கு நடந்து போவோம். வரும்போது சாவியைக் கொண்டு வாருங்கள், இரண்டு பேரும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்